காலண்டர் தாளின் பின்பக்கம்

கொடைக்கானல் மலையில் பூம்பாறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் கேள்வி இது: "போன போகத்தில் பூண்டு விலை படுத்துவிட்டது. விதைப்பூண்டு வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது. அம்மா நாலு மாதமாகப் படுக்கையில். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் 'தினமும் நன்றி சொல்லிப் பழகுங்கள்' என்று பாஸ்டர் சொல்கிறார். வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டால் வாயில் வரமாட்டேன் என்கிறது. வந்தாலும் பொய் சொல்வது போல் இருக்கிறது. இதைப் பழக்கமாக்க வழி இருக்கிறதா, இல்லை எனக்கு விசுவாசமே குறைவா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், தம்பி. விசுவாசக் குறைவு இல்லை. சொல்வது பொய்யாகப் படுகிறது என்று உங்களுக்கு உறைக்கிறதே, அது நல்ல அடையாளம். நம் சபைகளில் நன்றி, துதி என்று பொருள்படும் 'ஸ்தோத்திரம்' என்ற சொல் கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசு ஆகிவிட்டது. ஆளைப் பார்த்தால் ஸ்தோத்திரம், போனை எடுத்தால் ஸ்தோத்திரம், பிரசங்கியாருக்கு அடுத்து என்ன என்பது மறந்துவிட்டால் அந்த இடைவெளியில் இரண்டு ஸ்தோத்திரம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மலைப் பள்ளிக்கூடங்களில் முப்பத்தொரு வருஷம் தமிழ் வாத்தியார், சபைக் கமிட்டியில் பதினெட்டு வருஷம். இருந்தும் நன்றி சொல்வது என்றால் என்ன என்று உட்கார்ந்து யோசித்தது ஐம்பது வயதுக்கு மேல்தான்.

இத்தனைக்கும் விஷயம் என் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. திருக்குறளில் பதினோராம் அதிகாரம் 'செய்ந்நன்றி அறிதல்'. இன்றைக்கு நாம் 'நன்றி' என்றால் 'தாங்க்ஸ்' என்று எடுத்துக்கொள்கிறோம். வள்ளுவர் காலத்துத் தமிழில் நன்றி என்பது அடுத்தவர் நமக்குச் செய்த நன்மை. 'நன்றி மறப்பது நன்றன்று' என்றால் அவர் செய்ததை மறப்பது நல்லதல்ல என்று பொருள். அப்படியானால் நம் பக்கத்து வேலை என்ன? அறிதல். இன்ன ஆள், இன்ன நேரத்தில், இன்னதைச் செய்தார் என்று தெரிந்து வைத்திருப்பது. வேதத்தில் சங்கீதம் 103 திறந்து பாருங்கள்: "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே." தாவீதும் நினைவைப் பற்றித்தான் பேசுகிறார். நெஞ்சு உருகவேண்டும், கண்ணில் நீர் வரவேண்டும் என்று இரண்டு இடத்திலும் நிபந்தனை இல்லை. உங்களுக்கு வராதது உருக்கம். அது வரும்போது வரட்டும். அறிதலை இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

எனக்கு இதைப் பழக்கிக் காட்டியவர் ஒரு கத்தோலிக்கச் சாமியார். நான் சி.எஸ்.ஐ. சபை, அதாவது புராட்டஸ்டண்ட்காரன், எங்கள் அப்பா இருந்திருந்தால் ஒரு பார்வை பார்த்திருப்பார். செண்பகனூரில் 1895லிருந்து இருக்கும் சேசு சபையாரின் திரு இருதயக் கல்லூரியை உங்களுக்குத் தெரியும். அங்கே ஆசிரியர்களுக்கு ஒரு நாள் தியானம் நடந்தது. அவர்களுடைய சபையை நிறுவிய இஞ்ஞாசியார், 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்று ஒரு கைநூல் எழுதி வைத்துவிட்டுப் போனார். அதில் தினசரி செய்யவேண்டிய ஆன்ம சோதனை ஒன்று உண்டு. ஐந்து படி. ஆன்ம சோதனை என்றதும் நான் என்ன நினைத்தேன் என்றால், இன்று என்னென்ன பாவம் செய்தேன் என்று கணக்குப் பார்ப்பது. அந்தச் சாமியார் சிரித்தார். "அது மூன்றாவது படி வாத்தியாரே. முதல் படி, வாங்கிய நன்மைகளுக்கு நன்றி. இரண்டாவது, என்னை நான் சரியாகப் பார்க்க அருள் கேட்பது. அப்புறம்தான் காலையில் எழுந்ததிலிருந்து மணிக்கு மணி திரும்பிப் பார்ப்பது. நாலாவது மன்னிப்பு, ஐந்தாவது நாளைக்கு என்ன திருத்தம்."

வரவு எழுதாமல் பற்று எழுத முடியாது என்பதுபோல எனக்குப் பட்டது. 1542ல் இஞ்ஞாசியார் எழுதிய கடிதம் ஒன்றில் நன்றிகேடுதான் எல்லாப் பாவங்களுக்கும் தொடக்கம் என்கிறார். கொஞ்சம் அதிகப்படியோ என்று அன்றைக்குத் தோன்றியது. இப்போது தோன்றவில்லை.

சரி, எப்படிச் செய்வது. அன்றைக்கு அந்தத் தியானத்திலிருந்து வந்தவுடன் அழகான நோட்டு ஒன்று வாங்கினேன். தினம் ஐந்து நன்றி எழுதுவதாக ஏற்பாடு. ஒன்பதாவது நாள் நின்றுவிட்டது. நோட்டைத் தேடவேண்டும், பேனாவைத் தேடவேண்டும், ஐந்து என்ற எண்ணிக்கையை நிரப்பவேண்டும். நாலாவது நாளே 'சுகம், பெலன், ஜீவன்' என்று ஜெபக்கூட்டத்து வார்த்தைகளை எழுதி நிரப்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு கிடைத்த வழி இது. எல்லார் வீட்டிலும் தினம் கிழிக்கும் காலண்டர் தொங்குகிறது. எங்கள் வீட்டில் தொங்குவது மளிகைக் கடையில் சும்மா கொடுத்தது. ராகுகாலம், எமகண்டம் எல்லாம் அச்சடித்திருக்கும். (பின்பக்கத்தில் வீட்டு வைத்தியக் குறிப்பு அச்சடித்த காலண்டர் வேண்டாம், எழுத இடம் இருக்காது.) ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்ததும் அன்றைய தாளைக் கிழிப்பேன். பின்பக்கம் பென்சிலால் ஒரே ஒரு வரி. கடையில் சீட்டுக் குத்தி வைக்கும் கம்பி ஒன்று, அடியில் மரக்கட்டை வைத்தது, அதில் குத்திவிடுவேன். அவ்வளவுதான். தாள் உள்ளங்கை அகலம் என்பதால் பிரசங்கம் எழுத முடியாது. இருபத்திரண்டு வருஷமாக இது ஓடுகிறது.

இந்தக் கேள்விக்காகப் பழைய கம்பி ஒன்றை இறக்கிப் பார்த்தேன். சில வரிகள் அப்படியே:

"கேஸ் தீர்ந்தது. சோறு வடித்த பிறகு."

"நாலு நாள் மேகத்துக்குப் பிறகு இரண்டு மணி நேரம் வெயில். கம்பளி காய்ந்தது."

"காட்டுமாடு வேலி ஓரமாகவே போய்விட்டது. உள்ளே வரவில்லை."

"பஸ்ஸில் விட்ட குடையைக் கண்டக்டர் எடுத்து வைத்திருந்தார். நேற்று அவரைத் திட்டியிருந்தேன்."

இவற்றில் ஆவிக்குரிய அனுபவம் என்று மேடையில் சாட்சி சொல்ல ஒன்றும் இல்லை, பாருங்கள். ஆனால் ஒவ்வொன்றும் அந்த நாளுக்கே உரியது. வேறு எந்த நாளின் தாளிலும் அதை எழுத முடியாது. நான் வைத்திருக்கும் ஒரே விதி அதுதான். 'ஜீவன் தந்தீர், ஸ்தோத்திரம்' என்று எழுதினால் தப்பில்லை, உண்மைதான்; ஆனால் அதை முந்நூற்று அறுபத்தைந்து நாளும் எதையும் பார்க்காமலே எழுதலாம். ஆயிரம் ஸ்தோத்திரம் அடுக்கிச் சொல்லும் வழக்கம் சில சபைகளில் உண்டு. அதில் பலன் கண்டவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். எனக்கு ஐம்பதாவதிலேயே மனசு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறது.

இன்னொன்றில் கவனமாக இருங்கள். 'நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்து நன்றி சொல்லுங்கள்' என்று நல்ல எண்ணத்தோடு சொல்வார்கள். வேதத்தில் அப்படி நன்றி சொன்ன ஒருவர் இருக்கிறார். லூக்கா 18ல் தேவாலயத்துக்குப் போன பரிசேயன், மதச் சட்டத்தைக் கடுமையாகக் கைக்கொள்கிறவன். பக்கத்தில் நின்ற வரி வசூலிப்பவனைக் காட்டி, 'இந்த ஆயக்காரனைப் போல இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்' என்றான். அவன் நீதிமானாக வீடு திரும்பவில்லை என்று இயேசு சொல்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்குப் பூண்டு அழுகிவிட்டது, எனக்கு விலைதான் இல்லை என்பது கணக்கு. அதை நன்றிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி உங்கள் கேள்வியின் கடினமான பக்கத்துக்கு வருகிறேன். விலை படுத்ததற்கும் நன்றி சொல்லவேண்டுமா? அம்மா படுத்ததற்கும்?

2018 நவம்பரில் கஜா புயல் நம் மலை மேல் ஏறிப் போனதை மறந்திருக்கமாட்டீர்கள். அப்பா நட்ட பேரிக்காய் மரம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வேரோடு சாய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டுத் தகரம் எங்கள் கோழிக்கூண்டு மேல். கரண்ட் இல்லை. அந்த வாரம் வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர், புயலுக்காக எல்லாரும் கை உயர்த்தி ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னார். நான் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நின்றேன். முன் பெஞ்சில் இருந்தவருக்குக் கூரையே போயிருந்தது. அவர் கையை உயர்த்தினார். முகம் கல்லாக இருந்தது.

வீட்டுக்கு வந்து வேதத்தைப் புரட்டினேன். 1 தெசலோனிக்கேயர் 5:18, "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்". தமிழ் வாத்தியாருக்கு வேற்றுமை உருபில் கண் போகாமல் இருக்குமா? எல்லாவற்றிலேயும். எந்த நிலைமைக்குள் நின்றாலும், அதற்குள் நின்றபடியே. ஆனால் நேர்மையாகச் சொல்லவேண்டும்: அதே பவுல் எபேசியர் 5:20ல் "எல்லாவற்றிற்காகவும்" என்கிறார். முதல் வசனத்தை மட்டும் காட்டிவிட்டு இரண்டாவதை மறைப்பது சரியல்ல. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் போய் நின்ற இடம் இயேசுவின் சிநேகிதன் லாசருவின் கல்லறை, யோவான் 11. முப்பத்தைந்தாம் வசனத்தில் இயேசு கண்ணீர் விடுகிறார். நாற்பத்தொன்றில், கல்லறைக்கு முன் நின்று, பிதாவே உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்கிறார். நடுவில் ஆறு வசனம்கூட இல்லை. எதற்காக நன்றி? லாசரு செத்ததற்காக என்று சொல்லவில்லை. "நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால்." சாவு சாவாகவே இருக்கிறது, அழுகை அழுகையாகவே இருக்கிறது, கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதற்கு நன்றி. எபேசியர் வசனத்தை நான் இந்த வெளிச்சத்தில்தான் படிக்கிறேன். என்னைவிடப் படித்தவர்கள் வேறு மாதிரியும் படிக்கிறார்கள்.

ஆகவே விலை படுத்ததற்கு நீங்கள் நன்றி சொல்லவேண்டாம். ஆபகூக் புத்தகத்தின் கடைசியில் ஒரு விவசாயியின் ஜெபம் மாதிரியே ஒன்று இருக்கிறது, படித்துப் பாருங்கள். அத்திமரம் துளிர்க்கவில்லை, வயல் விளையவில்லை, தொழுவத்தில் மாடு இல்லை என்று நஷ்டத்தை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதிவிட்டுத்தான் 'நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்' என்கிறார். நஷ்டப் பட்டியலைச் சுருக்கவில்லை.

என் கம்பியில் வெறும் தாள்களும் உண்டு. என் மனைவிக்கு மதுரையில் வயிற்றில் ஆபரேஷன் ஆகி, வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு எதுவும் உள்ளே தங்கவில்லை. கஞ்சி, இளநீர், குளுக்கோஸ், எல்லாம் கொடுத்த கொஞ்ச நேரத்தில் வெளியே. அவள் கண்ணைப் பார்க்கப் பயமாக இருந்தது. ராத்திரி தாளைக் கிழிப்பேன், பென்சிலை எடுப்பேன், ஒன்றும் எழுதாமல் குத்திவிடுவேன். எழுத ஒன்றும் இல்லாமல் இருந்திருக்காது, எனக்குக் கோபம். அதையும் ஆண்டவருக்குத் தெரியட்டும் என்றுதான் தாளை மட்டும் குத்தினேன். சங்கீதம் 88 என்று ஒன்று இருக்கிறது, இருளிலேயே ஆரம்பித்து இருளிலேயே முடிகிறது. நன்றி என்ற சொல்லே அதில் இல்லை. அதையும் எடுத்துப் பாட்டுப் புத்தகத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்பது அந்த நாட்களில் எனக்குப் பெரிய ஆறுதல்.

பத்தொன்பது வெறும் தாள். இருபதாவது நாள் எதிர்வீட்டு அக்கா ஒரு தூக்குவாளியில் ரசம் கொண்டுவந்தார். மிளகு தட்டி, உங்கள் ஊர்ப் பூண்டு நாலு பல் நசுக்கிப் போட்டது. வாசலிலேயே மணம் வந்தது. இரண்டு கரண்டி குடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அரை மணி, ஒரு மணி. அன்றைய தாள் இப்போதும் இருக்கிறது: "ரசம், இரண்டு கரண்டி. தங்கியது."

அந்த அக்காவிடம் நான் நன்றி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் "இதுக்கெல்லாமா" என்று முகம் சுளித்திருப்பார். நம் பக்கத்தில் வீட்டு மனிதர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் வாயால் நன்றி சொன்னால் ஏதோ விலகி நிற்பது போல் ஆகிவிடுகிறது. அதற்குப் பதிலாக நாம் ஒன்று செய்கிறோம்: வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. நானும் தூக்கைக் கழுவித் துடைத்து, தாண்டிக்குடிக் காப்பித்தூள் கொஞ்சம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரசத்துக்கு அது விலை இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இதை வைத்து சங்கீதம் 116ஐப் படித்தால் வேறு சுவை. "கர்த்தர் எனக்குச் செய்த எல்லா உபகாரங்களுக்காகவும், அவருக்கு என்னத்தைச் செலுத்துவேன்?" நாம் எதிர்பார்ப்பது காணிக்கைப் பட்டியல். அடுத்த வசனம் என்ன சொல்கிறது? "இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, கர்த்தருடைய நாமத்தைத் தொழுதுகொள்ளுவேன்." பாத்திரத்தில் போட இவரிடம் ஒன்றும் இல்லை. அதனால் மறுபடியும் பாத்திரத்தையே எடுத்து நீட்டுகிறார். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது ஒரு சீப்பு மலைவாழையை மூவாயிரத்துக்குக் கேட்கும் எங்கள் ஆட்களுக்கு இந்த வசனத்தை ஒரு தடவை வாசித்துக் காட்டவேண்டும் என்று ஆசை. (ஏலம் எனக்குப் பிடிக்கும். அது வேறு விஷயம்.)

மனநலக்காரர்களும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எம்மன்ஸ், மெக்கல்லஃப் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை நன்றிக்குரியவற்றை எழுதிய குழு, தொல்லைகளை எழுதிய குழுவைவிடத் தெளிவாக இருந்தது. நல்லதுதான். ஆனால் நீங்கள் கேட்டது அதை அல்ல. மனசு லேசாக வேண்டும் என்பதற்காக மட்டும் எழுதினால், லேசாகாத வாரத்தில் விட்டுவிடுவீர்கள். நாம் எழுதுவது ஒருவருக்கு. லூக்கா 17ல் பத்துக் குஷ்டரோகிகளுக்கும் சுகம் வந்தது; திரும்பி நடந்து வந்தவன் ஒருவன், அவனும் யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன். மற்ற ஒன்பது பேரும் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருப்பார்கள்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. நல்ல நாள் வரட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம் என்று இருக்காதீர்கள். தானியேல் சிங்கக் கெபிக்குப் போகும் முன் ஜன்னலைத் திறந்து ஸ்தோத்திரம் செலுத்தினான் என்று எல்லாரும் பிரசங்கிக்கிறோம். அந்த வசனத்தில் நம் கண்ணுக்குத் தப்புவது "தான் முன் செய்துவந்தபடியே" என்ற சொற்கள். அன்றைக்குப் புதிதாக அவன் ஒன்றும் செய்யவில்லை. உங்களுக்கு அடுப்படியில், பூண்டு கட்டித் தொங்கவிட்டுப் புகை பிடிக்கவைக்கும் இடத்துக்குக் கீழே, ராத்திரி கடைசியாக அடுப்பு அணைக்கும்போது என்று வைத்துக்கொள்ளலாம். வேறு வேலையோடு முடிச்சுப் போட்டால்தான் நிற்கும்.

அம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "இன்னிக்கு என்னம்மா எழுதலாம்?" என்று கேளுங்கள். படுக்கையில் இருப்பவர்கள் நாள் முழுக்க வாங்கிக்கொள்கிறவர்களாகவே இருந்து களைத்துப்போகிறார்கள். அவர் ஒரு வரி கொடுக்கட்டும். சில நாள் 'ஒண்ணுமில்ல போடா' என்பார். அதையே எழுதிக் குத்துங்கள்.

கடன் விஷயம் தனி. எத்தனை தாள் குத்தினாலும் வட்டி குறையாது. கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்த் தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று மனு எழுதிக் கொடுங்கள், வெட்கப்படாதீர்கள். வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் எடை விஷயத்தில் ஏமாற்றினால் சண்டை போடுங்கள். நன்றியுள்ளவன் முணுமுணுக்கக் கூடாது என்று சொல்லி கூலிக்காரரின் வாயையும் விவசாயியின் வாயையும் அடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நன்றி ஆண்டவருக்குப் போகவேண்டியது, ஏமாற்றுகிறவனுக்கு அதில் பங்கு கிடையாது. இரண்டு மூன்று வாரமாகத் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடமும் சொல்லுங்கள். அது அவிசுவாசம் இல்லை.

அந்த ரசத்துக்குப் பூண்டு எந்தக் காட்டில் விளைந்தது என்று எனக்குத் தெரியாது. அக்காவிடம் பின்னால் கேட்டேன். பூம்பாறையிலிருந்து பையில் கொண்டுவந்த ஒரு பையனிடம் கால் கிலோ வாங்கினேன் என்றார். பேரம் பேசினாராம். அந்தப் பையன் நீங்களாக இருக்க வாய்ப்பு கம்மிதான். இருந்தாலும் அடுத்த போகத்தில் பூண்டு எடுத்ததும் எனக்கு ஒரு கிலோ கொடுத்தனுப்புங்கள், சந்தை விலைக்கு இல்லை, நீங்கள் சொல்லும் விலைக்கு. பையை வெறுமனே திருப்பி அனுப்பமாட்டேன்.